சைக்கிளில் வருபவரும் நம் வாடிக்கையாளரே

கடைத்தெருவில் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று சங்கங்கள் போடாத தீர்மானம் இல்லை. கொடுக்காத மனு இல்லை. புதிதாக எந்த ஆணையர் வந்தாலும் சால்வை போட்ட கையோடு நாம் நீட்டுவது அந்த மனுவைத்தான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இத்தனை மனுக்களில் ஒன்றிலாவது சைக்கிள் என்ற சொல் வந்திருக்கிறதா? நமக்குத் தெரிந்து இல்லை. வணிகப் பெருமக்களிடம் இது பற்றிக் கொஞ்சம் மனம் விட்டுப் பேச வேண்டும் என்பது நம் நெடுநாள் எண்ணம்.

நாம் தொழிலுக்கு வந்த 1970-களின் கடைசியில் மதுரை கீழமாசி வீதியில் கார் வைத்திருந்த மொத்த வியாபாரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கொள்முதலுக்கு வரும் சில்லறைக் கடைக்காரர் சைக்கிளில்தான் வருவார். பருப்பு ஒரு சிப்பத்தைக் கேரியரில் கட்டி, புளியையும் மிளகாயையும் பையில் போட்டு ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, ஐந்தாறு மைல் மிதித்துப் போய்க் கடை திறப்பார். சைக்கிளுக்கும் வருடா வருடம் பணம் கட்டி வில்லை வாங்கிய காலம் அது. இரவில் விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் டயர் காற்றைப் பிடுங்கி விடுவார். டபுள்ஸ் போனால் அபராதம். இன்றைக்குச் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் சைக்கிளையும் ஒரு வாகனமாக மதித்துச் சட்டம் பேசிய காலம் என்று ஒரு வகையில் அதைச் சொல்லலாம். இப்போது சாலை போடுகிறவர் கணக்கிலும் சைக்கிள் இல்லை, சிக்னல் வைக்கிறவர் கணக்கிலும் இல்லை.

சைக்கிள் காலம் முடிந்துவிட்டது என்பவர்கள் காலை ஆறு மணிக்கு வீதிக்கு வந்து பார்க்கட்டும். பேப்பர் போடும் பையன், பூக்கூடை வைத்துக் கட்டியவர், இரவுக் காவல் முடிந்து திரும்பும் வாட்ச்மேன், தூக்குவாளியோடு போகும் கொத்தனார். எட்டு மணிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தமிழக அரசு 2001-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், 2005-க்குப் பிறகு அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி.யை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் குறைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். வண்டியைக் கொடுத்தவர்கள் அதை ஓட்ட ரோட்டில் மூன்றடி இடம் கொடுத்தார்களா என்பதுதான் நம் கேள்வி.

இதில் நமக்கென்ன என்று மளிகைக் கடைக்காரர் கேட்கலாம். நமக்குத்தான் எல்லாம். காரில் வருகிறவருக்குப் பைபாஸ் ஓரத்தில் பெரிய பெரிய சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, அடித்தளத்தில் நூறு கார் நிற்கும், தள்ளுவண்டி இருக்கும், ஏ.சி. இருக்கும். கார் நிறுத்தும் போட்டியில் தெருமுனைக் கடை அவர்களை ஒருநாளும் ஜெயிக்காது. நம் கடைக்கு உள்ள ஒரே பலம் அது பக்கத்தில் இருக்கிறது என்பது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது, “ஓடிப்போய் நூறு கிராம் கடுகு வாங்கிட்டு வாடா” என்று பிள்ளையை அனுப்ப முடிகிற தூரம். அந்தப் பிள்ளை அரை வட்டம் போட்டு சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டே சரக்கு வாங்கிப் போகும்.

இன்று எத்தனை தாய்மார்கள் அப்படி அனுப்புகிறார்கள்? ரோட்டைத் தாண்டிப் போக வேண்டுமே என்ற பயம். “வேண்டாம், நான் போனிலேயே போட்டுக்கிறேன்” என்கிறார்கள். பத்து நிமிடத்தில் கடுகு வீடு தேடி வந்துவிடுகிறது. ஆன்லைன் வியாபாரம் நம்மை விழுங்குகிறது என்று மே 5 மாநாட்டில் ஆண்டுதோறும் முழங்குகிறோம். நம் கடைக்கும் வாடிக்கையாளர் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் முப்பதடி ரோடு அந்த வியாபாரத்துக்கு எவ்வளவு துணை செய்கிறது என்பதையும் அந்த மேடையில் யாராவது சொல்ல வேண்டும்.

கார் நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2006-ல் கடைக்காரர்களைக் கேட்டபோது, தங்களிடம் வருபவர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகச் சொன்னார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டுக் கணக்கெடுத்தபோது வந்தது 22 சதவீதம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குக் கார் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். அந்த ஊர்க் கணக்கை இங்கே அப்படியே ஒட்ட வேண்டாம். ஆனால் ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டு, பத்து சைக்கிள் நிற்கும் என்பதற்கு எந்த ஊருக்கும் போக வேண்டியதில்லை.

நம் கடைச் சிப்பந்திகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம்மிடம் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த ஒருவர், கேரியரில் இரண்டு எண்ணெய் டின்னைக் கட்டிக்கொண்டு ஓரமாகத்தான் போனார். நின்றிருந்த காரிலிருந்து ஒருவர் பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தார். கதவில் மோதி நடு ரோட்டில் விழுந்தவர் காலில் பின்னால் வந்த வேன் ஏறிவிட்டது. உயிர் பிழைத்தார். மூட்டை தூக்கிய மனிதர் அதன் பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து சிட்டை எழுதுகிறார். கதவைத் திறந்தவர் வேகமாக ஓட்டியவர் அல்ல, குடித்திருந்தவரும் அல்ல. இடது ஓரம் முழுக்கக் காரை நிறுத்திவிட்டு, சைக்கிள்காரரை அந்தக் கதவுக்கும் வேனுக்கும் நடுவில் போகச் சொன்ன ஏற்பாட்டைத்தான் நாம் குற்றம் சொல்கிறோம்.

2022-ல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17,884 பேர். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது; கடைச் சிப்பந்திகள் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அடிபட்ட பின் காப்பாற்றுவதற்குத் திட்டம் இருக்கிறது, அடிபடாமல் காப்பதற்கும் வழி வேண்டும் அல்லவா? வேகத்தைக் குறைப்பதுதான் அதில் முதல் வழி. வேகம் இரு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு என்பது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். வண்டிகளும் மக்களும் கலந்து போகும் தெருக்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 2020 ஸ்டாக்ஹோம் மாநாட்டுப் பிரகடனமே சொல்கிறது. கடைத்தெருவில் பகலில் எப்படியும் 30-க்கு மேல் போக முடியாது. காலை ஆறிலிருந்து எட்டு வரைக்கும், கடை சாத்தி சிப்பந்திகள் வீடு திரும்பும் இரவு பத்து மணிக்கும்தான் வண்டிகள் பறக்கின்றன. சைக்கிள் போகும் நேரமும் அதுதான்.

சென்னை மாநகராட்சி 2014-ல் ஒரு கொள்கை வகுத்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. கொள்கை எழுதிய அளவுக்கு வேலை நடக்கவில்லை என்பது சென்னையில் இரண்டு தெரு நடந்தாலே தெரியும். ஆனாலும் தலைநகரத்தில் தாளிலாவது இருக்கிறது. மதுரை, திருச்சி, சேலம் வியாபாரிகள் அந்தத் தாளையாவது கேட்டு வாங்கலாமே.

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வாகனங்களை விடுவதில்லை. அங்கே கடை வைத்திருப்பவர்கள் பூட்டிவிட்டுப் போய்விடவில்லை. கோயிலுக்கு வரும் கூட்டம் அது, மூட்டை வியாபாரத்துக்கு அது பொருந்தாது என்பீர்கள். உண்மைதான், மாசி வீதியில் லாரி வராமல் நம் பிழைப்பு நடக்காது. லாரிக்கும் குட்டி யானைக்கும் நேரம் வகுத்து, அந்த நேரத்தில் சரக்கை இறக்கி முடிப்போம். மீதி நேரத்தில் ஓரத்தைச் சைக்கிளுக்கு விடலாம். கோடு மட்டும் போட்டுப் பயனில்லை. போட்ட மறுநாளே அதன் மேல் கார் நிற்கும். ஒரு சாண் உயரத்துக்குக் கல் பதித்துப் பிரித்தால்தான் நிற்கும். சாக்கடை மூடியின் கம்பி ரோட்டுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். இதற்கு ஒரு வெல்டர் போதும், கோடி ரூபாய்த் திட்டம் தேவையில்லை.

மாநகராட்சியிடம் கேட்பதற்கு முன் கடை வாசலையும் பார்க்க வேண்டும். சில கடைகளில் டின்னும் வாளியும் சாக்கும் படிக்கட்டு தாண்டி ரோட்டில் நாலடிக்கு வந்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைச் சுற்றித்தான் சைக்கிள்காரர் வண்டிகளுக்கு நடுவே வளைந்து போகிறார். உடனே சிலர் தள்ளுவண்டிக்காரரைக் கை காட்டுவார்கள். அவருக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. வெளியே கிடக்கும் வாளிக்கு எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை.

அடுத்த செயற்குழுவில் இதை நாம் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறோம். வெறுங்கையோடு ஆணையரைப் பார்க்க விருப்பமில்லை. அதனால் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு திங்கட்கிழமையும் ஒரு சனிக்கிழமையும், கடைக்கு வருகிறவர் நடந்து வந்தாரா, சைக்கிளா, மோட்டார் சைக்கிளா, ஆட்டோவா, காரா என்று சிட்டையின் பின்பக்கத்தில் கோடு போட்டு வாருங்கள். கல்லாப் பையனிடம் சொன்னால் போதும். கடையின் பெயர் எழுத வேண்டாம், தெருவின் பெயர் போதும். இம்மாதக் கடைசிக்குள் சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.