பிரித்துக் கொடுப்பதும் காப்பதே

தகடூர் யாத்திரை என்றொரு நூல் இருந்தது. தர்மபுரியின் பழம்பெயரைத் தலைப்பிலேயே தாங்கியது. அதியமான்மீது சேரன் படையெடுத்துவந்த வரலாற்றைப் பாடியது. முழுநூல் நமக்குக் கிட்டவில்லை. தொகுத்தவர் பெயர்கூடத் தெரியாத புறத்திரட்டிலும் உரையாசிரியர்களின் மேற்கோள்களிலும் சில பாடல்கள் எஞ்சியுள்ளன. பிற நூல்களுக்குள் போய்ச் சேர்ந்தவை மட்டுமே பிழைத்தன.

நாங்கள் அண்ணன், தம்பி இருவர். மூத்தவர் கல்லூரியில் இந்தச் செய்தியை ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்லி வருபவர். ஆயினும் வீட்டுப் பின்புறம் புளியமரத்தடியில் நிற்கும் ஒரு காரைப் பற்றி முடிவெடுக்க நேர்ந்தபோதுதான் அதன் பொருள் எங்களுக்கு உறைத்தது.

அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, மூன்றாம் மார்க். அப்பாவின் ஹெரால்டு முன்வாசலில் நிற்கிறது. மாதம் இருமுறையாவது ஓடும். அதற்கு உதிரி பாகம் எடுப்பதற்கென்றே ஓடாத இந்த இன்னொன்றை 2006ஆம் ஆண்டு அப்பா வாங்கி வந்தார். இத்தனை ஆண்டுகளில் அதிலிருந்து நாங்கள் எடுத்தவை நான்கே பொருள்கள். மற்றவை 'என்றாவது தேவைப்படும்' என்ற சொல்லின் காவலில் கிடந்தன.

இந்தக் காரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சென்னையில் 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் 1971 வரை ஹெரால்டைத் தயாரித்தது. இதன் மூலமான இங்கிலாந்து டிரயம்ஃப் ஹெரால்டை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலொட்டி. அங்கே காரின் உடற்கூட்டை முழுதாகச் செய்து தந்துவந்த தொழிற்சாலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. ஆகவே தனிச் சேசிஸ் அமைத்து, தகடுகளைப் பல இடங்களில் செய்வித்து, போல்ட்டு போட்டு இணைத்தார்கள். கட்டாயத்தால் பிறந்த அந்த அமைப்பே இன்று வரம். ஸ்பானர் தெரிந்தவர் ஒரு ஹெரால்டைப் பிரிக்கலாம்; பிரித்ததை இன்னொன்றில் பூட்டலாம்.

ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே தயாரானது. எஞ்சின் பாகங்கள் பலவற்றை இன்றும் இங்கிலாந்திலிருந்து தருவிக்க முடியும். பின்கதவுக்கு அங்கே வழியில்லை. இங்குள்ள இன்னொரு ஹெரால்டு கொடுத்தாலன்றி அது கிடைக்காது.

அத்தகைய கதவு ஒன்றைக் கேட்டுத்தான் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். லாரி உரசியதில் அவருடைய காரின் இடப்புறப் பின்கதவு நசுங்கிப் போயிருந்தது. "தம்பிகளா, விலையை நீங்களே சொல்லுங்கள்" என்றார். நாங்கள் ஒரு வாரம் அவகாசம் கேட்டோம்.

அந்த வாரம் வீட்டில் மூன்று கருத்துகள் எழுந்தன. இளையவர் அதை ஓட வைத்துவிடலாம் என்றார். 50 ஆண்டு கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய 2021இல் வந்த மத்திய விதி இடம் தருகிறது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் வண்டியின் சேசிஸ் பக்கக் கைகள் துருவேறி உதிர்கின்றன. எஞ்சினில் பாதி இல்லை. அதை மீட்க ஆகும் செலவில் அப்பாவின் காரை இருமுறை புதுப்பித்துவிடலாம். காயலாங்கடைக்காரர் எடைக்கு எடை பணம் தருவதாகச் சொன்னார். அவருக்குக் கதவும் இரும்பு, சேசிஸும் இரும்பு.

மூன்றாவது, அப்படியே இருக்கட்டும் என்பது. அதுவே மூத்தவரின் கட்சி. அது காத்தல்போல் தோன்றும். ஆனால் தகடு உள்ளிருந்து அரிக்கப்படுவதை வெளியே பூசிய வண்ணம் மறைத்துவிடுகிறது. மழைக்காலம் ஒவ்வொன்றும் நம்மைக் கேளாமலே ஒரு முடிவை எடுத்துவிட்டுப் போகிறது. கறையான் தின்ற ஏடுகளையும் 'எங்கள் வீட்டுச் சொத்து' என்று பிறர் கண்ணிற் காட்டாமல் வைத்திருந்தவர்கள் உண்டு. அவர்களைக் குறைகூறிப் பாடம் நடத்திவிட்டு நாங்களும் அதையே செய்துகொண்டிருந்தோம்.

கதவைக் கொடுத்தோம். கொடுத்த அன்றே அந்தக் கார் இனி ஒருபோதும் காராகாது என்பது உறுதியாயிற்று. அது வலிக்கவில்லை என்று சொல்வது பொய். அப்பா பேரம் பேசி, லாரியில் ஏற்றி, சிரித்துக்கொண்டே இறக்கிய கார் அது.

இத்தகைய கார் வைத்திருப்போர்க்கு எங்கள் கருத்து இதுதான். முதலில் சேசிஸைத் தட்டிப் பாருங்கள். அது உறுதியாக இருந்து, ஆவணங்களும் சரியாக இருந்தால் முழுக் காராக மீட்க முயலுங்கள். இல்லையெனில் தயங்காமல் பிரியுங்கள். வேறெங்கும் கிடைக்காதவற்றை முதலில் கழற்றி, மழைபடாமல் வையுங்கள். படம் எடுத்து, அளவு குறித்து வையுங்கள். உங்கள் காருக்கு வேண்டியதை ஒதுக்கிக்கொண்டு மிச்சத்தை ஓடும் கார்களுக்குக் கொடுங்கள். எஞ்சும் கூட்டை எடைக்குப் போடலாம், வெட்கமில்லை.

ஒன்றை மட்டும் யாருக்கும் கொடாதீர்கள்: அதன் சேசிஸ் எண்ணையும் பதிவுச் சான்றையும். செத்த வண்டியின் எண்ணை வேறொன்றில் ஏற்றுவது, ஒருவர் பாட்டில் இன்னொருவர் பெயரைப் பொறிப்பதற்கு நிகர். சட்டப்படி குற்றமும் ஆகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, பயனற்றுப்போன வண்டியைப் பற்றிப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துச் சான்றை ஒப்படைப்பது உடைமையாளர் கடமை. நாங்களும் விண்ணப்பித்துவிட்டோம்.

முழுமையாக வைத்திருப்பதே காப்பது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். தகடூர் யாத்திரையை முழுதாக வைத்திருந்தவர்களும் இருந்திருப்பார்கள். நம் கைக்கு வந்து சேர்ந்ததோ, யாரோ எடுத்துப் பிறருக்குக் கொடுத்த பகுதிதான்.