தலையெழுத்தும் கொழுப்புத் துளியும்

ஒரு பிள்ளை நோயோடு பிறந்துவிட்டால், தாய் தகப்பனுக்கு நம் நாட்டில் முதலில் சொல்லப்படுகிற சமாதானம் என்ன? “பூர்வஜென்ம பாவம்; பிரம்மா எழுதிய எழுத்தை யாரால் அழிக்க முடியும்?” என்பதுதான். அழிக்க முடியாது என்று சொன்ன அதே வாய், அடுத்த நிமிஷமே பரிகாரத்துக்கு இவ்வளவு ரூபாய் என்றும் சொல்லும். அழியாத எழுத்துக்குப் பரிகாரம் எதற்கு? பரிகாரத்தால் அழியுமானால் அது தலையெழுத்தாவது எப்படி? மலைக்கோட்டைத் தாயுமானவருக்கு வாழைத்தாரும், ஸ்ரீரங்கத்துத் தன்வந்திரி சந்நிதிக்கு அர்ச்சனைத் தட்டும் சுமக்கிற நம் மக்கள் இதைக் கேட்பதில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக அந்தத் தன்வந்திரியின் கதவே பக்தர்களுக்கு மூடப்பட்டது. திருச்சி அரசு மருத்துவமனையின் கதவு மூடப்படவில்லை. அதையும் மறந்துவிட்டார்கள்.

நிற்க. எழுத்து ஒன்று இருப்பது மெய்தான். ஆனால் அது தலையில் இல்லை. உடம்பிலுள்ள ஏறக்குறைய எல்லாச் செல்களுக்குள்ளும் இருக்கிறது. மரபணு என்பது அதுவே. அது தாயிடம் பாதியும் தகப்பனிடம் பாதியுமாக வந்தது. அதில் ஓர் எழுத்து பிசகினாலும் நோய் வரலாம். அந்தப் பிசகைத் திருத்த மனிதன் இப்போது கற்றுவருகிறான்.

திருத்தும் செய்தியைச் செல்லுக்குள் சேர்ப்பதுதான் கஷ்டம். ஆர்.என்.ஏ. என்னும் அச்செய்தியை வெறுமனே ஊசியில் ஏற்றினால் இரத்தத்திலுள்ள நொதிகள் சிதைத்துவிடும்; தப்பினாலும் செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வு உள்ளே விடாது. ஆகவே கொழுப்பைக் கொண்டே ஒரு வண்டி செய்தார்கள். அது ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறு போட்டால் வரும் ஒரு கூறளவு, அல்லது அதினும் சிறிய துளி. அதில் சேரும் நான்கு வகைகளுள் ஒன்று அமிலத்தில் மின்னேற்றம் பெற்று ஆர்.என்.ஏ.யைப் பற்றிக்கொள்ளும், இரத்தத்தில் சாதுவாக இருக்கும். செல் அத்துளியை விழுங்கி ஒரு பையில் அடைத்ததும், அங்குள்ள அமிலத்தால் மீண்டும் மின்னேற்றம் பெற்றுப் பையை உடைத்துச் செய்தியை வெளியே விடும். இதில் மந்திரம் எங்கே, மடி ஆசாரம் எங்கே?

இவ்வகை மருந்து பரம்பரை நரம்பு நோய் ஒன்றுக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கொரோனா ஆர்.என்.ஏ. தடுப்பூசிகள் 2020-இல் வந்தன. நம் நாட்டில் புனேயிலுள்ள ஜென்னோவா கம்பெனி, செய்தியைக் கொழுப்புத் துளியின்மேல் ஒட்டவைத்துச் செய்த தடுப்பூசிக்கு 2022-இல் அவசர அனுமதி கிடைத்தது. 2025-இல் பிலடெல்பியாவில் ஒரு சிசுவின் கதை வெளியாயிற்று. இரத்தத்தில் அம்மோனியா சேர்ந்து மூளையைக் கெடுக்கும் பிறவி நோய் அதற்கு. அப்பிள்ளைக்கென்றே ஆறு மாதத்தில் மருந்து செய்து, துளிகளில் ஏற்றி ஈரலுக்கு அனுப்பினார்கள். நோய் முற்றும் தீர்ந்தது என்று வைத்தியர்கள் சொல்லவில்லை. பழைய மருந்தைக் குறைக்க முடிந்தது என்றார்கள். ஈரல் தவிர மற்ற உறுப்புகளுக்குத் துளியை அனுப்புவது இன்னும் கடினம் என்றும் ஒப்புக்கொள்கிறார்கள். எந்தப் புரோகிதராவது தம் பரிகாரத்தின் குறையை ஒப்புக்கொண்டதுண்டா?

இந்த ஆர்.என்.ஏ. உடம்பில் அழற்சி உண்டாக்காதபடி மாற்றும் வழியைக் கண்டு 2023-இல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவர் கத்தலின் கரிக்கோ. ஹங்கேரியில் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மகள். நம் மனுதர்மப்படி அவர் எந்த ஏட்டைத் தொட்டிருக்க முடியும்?

தோழர்களே! புரோகிதரிடம் தப்பி முதலாளியிடம் மாட்டிக்கொள்வதும் விடுதலையாகாது. மரபணு வைத்தியத்தின் விலை இன்று ஏழைக்கு எட்டாதது. கோயிலில் கட்டண வரிசை வைத்ததுபோல மருந்திலும் வைக்க விடலாமா? வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில், வேறு முறையில் வைரஸை வண்டியாக்கி, இரத்தம் உறையாத நோயாளிகள் ஐவருக்கு மரபணு சிகிச்சை செய்து 2024-இல் முடிவு வெளியிட்டார்கள். ஐவருக்கும் இரத்தக் கசிவு நின்றிருந்தது. நம் ஊரில் முடியாது என்பது பொய் என்பதற்கு இதுவே சாட்சி. சர்க்கார் பணத்தில் ஆராய்ச்சி, இங்கேயே உற்பத்தி, திருச்சி அரசு மருத்துவமனையில் ஏழைப் பிள்ளைக்கும் மரபணு பரிசோதனை: இவற்றையே நாம் கேட்க வேண்டும். அதுவரை நோயுள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலையெழுத்து என்று உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் அப்பிள்ளையின் ஆயுளிலிருந்துதான் கழிகிறது.