200 பேருக்கு வாத்தியார்... ஆரம்பத்தில் எல்லாமே ஃபெயில்!

நாய் துரத்தினால் நெஞ்சு ஏன் படபடக்கிறது? ரத்தத்தில் வரும் அட்ரினலினை, இதய செல்லின் மேலிருக்கும் ‘ரிசப்டர்’ பிடித்து உள்ளே சேதி அனுப்புவதால்தான்.

இந்த ரிசப்டர் ஆராய்ச்சிக்காக நோபல் வாங்கியவர் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ். 1968-ல், வியட்நாம் போர்க்காலத்தில், ராணுவ சேவைக்கு ஈடாக அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் சேர்ந்த இளம் டாக்டர் அவர். மாதக்கணக்கில் ஒரு சோதனைகூட பலிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிடுவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டார். அந்த டிசம்பரில் அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். பின்னர் சோதனைகள் கைகூடியபோது, சொல்ல அவர் இல்லை.

பிஎச்.டி. மாணவர்களுக்கு டெக்னிக் சொல்லிக்கொடுத்துவிடலாம். வெறுங்கையோடு வீடு திரும்பும் நாள்களைத் தாங்குவதற்கு, அதை அனுபவித்த வாத்தியார்தான் வேண்டும்.

டியூக் பல்கலைக்கழகத்தில் லெஃப்கோவிட்ஸிடம் 200 பேருக்கு மேல் பயிற்சி பெற்றார்கள். 1984-ல் வந்த பிரையன் கோபில்கா, ரிசப்டரின் மரபணுவைத் தேடினார். 1986-ல் கிடைத்தது. பார்த்தால், கண்ணில் ஒளியை உணரும் புரதத்தின் அதே ஜாடை! ஸ்டான்ஃபோர்டுக்குப் போன கோபில்கா, ரிசப்டரின் முழு உருவத்தைப் பார்க்க 2007 வரை காத்திருந்தார்.

2012-ல் வேதியியல் நோபல், வாத்தியாருக்கும் சிஷ்யருக்கும் சேர்த்தே. இருவரும் எம்.டி. படித்த டாக்டர்கள். பிஎச்.டி. பட்டம் இருவரிடமும் இல்லை!