பார்வையைத் தாழ்த்த வேண்டியவர் யார்?

திரைப்படப் பாடற்காட்சி ஒன்றை ஊன்றிக் கவனியுங்கள். நாயகன் முழு மனிதனாய் வருவான். நாயகியோ இடையாகவும் தோளாகவும் துண்டுபட்டுத் தோன்றுவாள். அங்கே காமிரா ஓர் ஆணின் கண்ணாகவே இயங்குகின்றது. ஹாலிவுட் படங்களில் இத்தன்மையை 1975ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய அறிஞர் லாரா மல்வி விளக்கிக் காட்டினார்.

பெண்ணின் வேட்கையைப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. குறுந்தொகையில் வெள்ளிவீதியார் அதனைப் பெண்குரலிலேயே பாடியுள்ளார். அங்கே பெண் பேசுகின்றாள். திரையிலோ அவள் பார்க்கப்படுகின்றாள். இழிவு வேட்கையில் இல்லை. அவளைப் பொருளாக்கும் பார்வையில் உள்ளது.

இச்சீர்கேட்டிற்கு மருந்தாகப் பெண்ணின் உடையை மட்டுமே பேசுவோர் நம்மிடையே பலர். ஆனால் திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயமாகிய அந்நூரில், 30ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்துமாறு ஆண்களையே முதலில் பணிக்கின்றது. பெண்களுக்குரிய கட்டளை அதனையடுத்த வசனத்திலேயே வருகின்றது. வள்ளுவரும் ‘பிறனில் விழையாமை’ அதிகாரத்தில், பிறர் மனைவியை நோக்காத திண்மையையே ஆண்மையின் சிறப்பாகக் கண்டார்.

முதற்கட்டளையை மறந்துவிட்டு அடுத்ததை மட்டும் வலியுறுத்துவது நேர்மையாகுமா? மாணவ நண்பர்களே, பெரியோர்களே! பெண்ணுக்கு அறிவுரை கூறுமுன் நம் கண்களைத் திருத்திக்கொள்வோம். சுவைப்போர் குன்றினால் அத்தகைய காட்சிகளும் குன்றும்.