பதினைந்து வயதுப் பிள்ளையின் இரத்தத்தைக் குடித்தது யார்?



கொலன்னாவையில் ஒற்றை அறை வாடகைக்கு இருக்கும் நம் குடும்பம் ஒன்றின் மகளுக்கு வயது 15. 2022 இல் மா விலையும் மண்ணெண்ணெய் விலையும் ஏறி, லயத்தில் அடுப்பு எரிக்க வழியில்லாமல் போன மாதங்களில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றை விட்டு இறங்கியவர்கள். தகப்பன் புறக்கோட்டையில் நாட்டாமி வேலை. தாய் வெள்ளவத்தையில் இரண்டு வீடுகளில் கூட்டித் துடைத்துச் சமைக்கிறார். மூத்த மகள் இன்னும் தோட்டத்தில்தான் கொழுந்து எடுக்கிறார். அவர் மூலமாகத்தான் விஷயம் நமக்கு வந்தது. பெயர் சொல்லமாட்டோம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை.

வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கும். கை கால் ஐஸ் ஆகிவிடும். மூச்சு முட்டும், கண் இருட்டும். இரவில் தூக்கமில்லை. "அம்மா, எனக்கு ஏதோ ஆகப்போகுது" என்று அழும். பஸ்ஸில் ஏறப் பயம், படியேறப் பயம், கடைசியில் பாடசாலைக்குப் போகவே பயம்.

ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். பரீட்சைப் பயம் என்றார் ஒருவர். படிக்கக் கள்ளம், நடிப்பு என்றார் இன்னொருவர். போன் பார்த்துப் பார்த்து நரம்பு தளர்ந்துவிட்டது என்றார் மருந்துக்கடைக்காரர், கூடவே விலையான டொனிக் போத்தல் ஒன்றையும் தலையில் கட்டினார். சொந்தக்காரர் ஒருவர் நூல் மந்திரித்துக் கட்டினார். பக்கத்து அறைக்காரர் சிரித்துக்கொண்டே, "அங்கொடை கிட்டத்தானே இருக்கு, கொண்டுபோய்க் காட்டுங்களேன்" என்றாராம். அந்தச் சிரிப்புத்தான் தாயைச் சுட்டது. (மனநோய்க்கு அங்கொடைக்குப் போவதில் என்ன வெட்கம் என்பது இன்னொரு நாள் எழுத வேண்டியது. இந்தப் பிள்ளையின் கதை வேறு.)

பிறகு தனியார் டிஸ்பென்சரி ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். டொக்டருக்குத் தமிழ் தெரியாது. தாய்க்குத் தெரிந்த சிங்களத்தில் "பய" என்ற சொல் இருந்தது, நெஞ்சு அடிப்பதற்குச் சொல் இல்லை. ஆகவே பயத்துக்கு மருந்து கிடைத்தது. கண்ணிமையை இழுத்துப் பார்க்கவில்லை, நகத்தைப் பார்க்கவில்லை, மாதவிடாய் எத்தனை நாள் என்று கேட்கவில்லை. ஒரு சொட்டு இரத்தமும் எடுக்கவில்லை.

அதைக் கடைசியில் செய்தது மூத்த மகள். லீவு போட்டுவிட்டு இறங்கி வந்தவர், தங்கை அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பச்சை அரிசியை வாயில் போடுவதைக் கண்டிருக்கிறார். "அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும்" என்று தாய் ஏசிக்கொண்டிருந்தாராம். நம் வீடுகளில் எல்லோரும் கேட்ட ஏச்சு அது. ஆனால் பச்சை அரிசி, ஐஸ் கட்டி, சோக்குத் துண்டு, மண் என்று எதையாவது மென்றுகொண்டே இருக்கத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாகவும் இருக்கும். தோட்டத்து மருத்துவமாது வருஷக்கணக்காகச் சொல்லிவந்த விஷயம் அந்த அக்காவின் காதில் விழுந்திருக்கிறது. மறுநாளே அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பகுதிக்குக் கூட்டிப் போனார். ஹீமோகுளோபின் 8.4. அந்த வயதுப் பெண்பிள்ளைக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அநேகமாகக் காலி. வெளியே காசு கட்டிப் பார்த்ததில் விட்டமின் பி12 உம் குறைவு.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் உடம்புக்கு ஒக்சிஜன் போதாது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், தலை சுற்றும். பயம் வந்தாலும் இதே நெஞ்சடிப்பு, இதே மூச்சுமுட்டல். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? நெஞ்சு காரணமில்லாமல் அடித்தால் மனம் ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பி12 குறைந்தால் கைகால் விறைப்பு, எரிச்சல், மனச்சோர்வு கூட வரலாம். எல்லாப் பதற்றமும் இரத்தக் குறைவுதான் என்று நாம் சொல்ல வரவில்லை. பரீட்சையும் வாடகையும் தகப்பனின் முதுகுவலியும் அந்தப் பிள்ளையின் தலையில் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் இரத்தத்தைப் பார்க்காமலே "நரம்பு" என்று முத்திரை குத்துவது அநியாயம்.

இந்த முத்திரை நமக்குப் புதியதல்ல. ரொக்பெல்லர் மன்றம் 1916 அளவில் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது, நம் பாட்டன் பாட்டிகளின் குடலில் புழு இரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு நடந்தவர்கள், லயத்துக்குக் கக்கூஸ் இல்லாதவர்கள். வெளிறிப்போய் மலை ஏற முடியாமல் நின்றவர்களைத் துரைமார் சோம்பேறிகள் என்றார்கள். மருந்து கொடுக்கச் சம்மதித்தவர்களும் கக்கூஸ் கட்டும் செலவென்றதும் பின்வாங்கினார்கள். அன்று சோம்பேறி, இன்று நரம்புத் தளர்ச்சி.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானி வந்தது. அதையும் எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. பல தோட்டங்களில் கொழுந்தின் நிறையை ஏற்றி, எட்டாதவர்களுக்கு அரைப்பேர் போட்டார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை ஒரு வருஷத்துக்கு முன்பிருந்ததைவிட நூற்றுக்கு 94.9 கூடியிருந்தது. ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 1,949 ரூபா வேண்டும். சம்பள நிர்ணய சபை அடிப்படைச் சம்பளத்தை 1,350 ஆக்கியது 2024 செப்டெம்பரில். மிச்சம் 350 கூடுதல் கொழுந்துக்கு. இடையில் முழுதாக இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் நம் சட்டியிலிருந்து முதலில் போனது மீன், பிறகு முட்டை, பிறகு பருப்பு. மிஞ்சியது ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும். மரக்கறியில் எவ்வளவு கீரை இருந்தாலும் பி12 கிடையாது. அது மீன், முட்டை, பால், இறைச்சியில்தான் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது, பெரியவளாகும் காலம். மாதாமாதம் இரத்தம் போகத் தொடங்கும் நேரத்தில் தட்டு காலியானது.

அரசாங்கம் என்ன செய்கிறது? 1973 முதல் திரிபோஷா கொடுக்கிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும், நிறை குறைந்த சின்னப் பிள்ளைக்கும். ஐந்து வயதைத் தாண்டிய பெண்பிள்ளை, தானே தாயாகும்வரை காத்திருக்க வேண்டும். பாடசாலையில் வாரம் ஒரு இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரை உண்டு. நல்ல திட்டம். ஆனால் ஏன் என்று தமிழில் சொல்ல ஆளில்லாவிட்டால் மாத்திரை குப்பைக்கூடைக்குப் போகும். இந்தப் பிள்ளையும் வீசியிருக்கிறது. வயிற்றைப் பிரட்டியதாம், மலம் கறுப்பாகப் போனதும் பயந்துவிட்டதாம். இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுக்கும், அது ஆபத்தில்லை என்ற ஒரு வரியை யாரும் சொல்லவில்லை. 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. அந்த ஒரு வரியைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டத்தில் 32 பேர். அன்று அளந்த பிள்ளைகள்தான் இன்று பத்து வயதைத் தாண்டி நம் பாடசாலை வாங்குகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம்மையும் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும். சம்பளப் பேச்சு மேசையில் சங்கங்கள் எப்போதும் அரிசி, மா, சீனி விலையைத்தான் அடுக்குகின்றன. நாமும் அப்படியே. முட்டைக்கும் நெத்தலிக்கும் கணக்கு வைத்துப் பேசியதில்லை. வீட்டில் மீன் துண்டு வந்தால் அது அப்பாவுக்கும் அண்ணனுக்கும், பெண்பிள்ளைக்குக் குழம்பு. மாதம் எட்டு நாள் இரத்தம் போவதைத் தாயிடம் சொல்லவும் பிள்ளை கூச்சப்படுகிறது. இதற்கெல்லாம் கம்பனியைக் குறைசொல்ல முடியாது.

தேத்தண்ணியும் இதில் சேர்த்தி. நாம் பறிக்கும் இலையில் உள்ள சாயம், சாப்பாட்டில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். ரொட்டியோடு தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். கீரையில், பருப்பில் தேசிக்காய் பிழியுங்கள், அல்லது சாப்பிட்ட கையோடு ஒரு கொய்யா, நெல்லிக்காய். செலவில்லாத காரியம். அதற்காக "சம்பளம் கேட்காதே, கீரை தின்" என்று நம்மிடம் வருகிறவர்களுக்கு இந்தப் பத்தியைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்!

ஒரு எச்சரிக்கை. இரத்தம் பார்க்காமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் கொடுக்காதீர்கள். தலசீமியா உள்ளவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும். அவர்களுக்கு இரும்பு கேடு செய்யலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக்குக் காசில்லை. கேளுங்கள்.

நாம் கேட்பது இவைதான். அடுத்த சம்பளப் பேச்சில் ஒரு குடும்பத்தின் முட்டை, மீன், பால் செலவும் கணக்கில் வர வேண்டும். சாதாரண தரத்துக்கு முந்திய வருஷமே தோட்டப் பாடசாலைப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் வரும் ஒவ்வொரு கிளினிக்கிலும் தமிழ் பேசும் ஒருவர் இருக்க வேண்டும், கொழும்பிலும்தான். மாதர் பிரிவு இந்த மூன்றையும் மகஜராக எழுதியிருக்கிறது. தலைவிமார் லயம் லயமாகக் கொண்டு வருவார்கள், கையெழுத்துப் போடுங்கள்.

கொலன்னாவைப் பிள்ளைக்கு இரண்டு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.2 வரை ஏறியிருக்கிறது. பி12 ஊசியும் போட்டார்கள். அரிசிப் பானைப் பக்கம் போவதில்லையாம், பஸ்ஸில் தனியாக ஏறுகிறதாம். கணித பாடம் மட்டும் இன்னும் பயம் என்கிறது. இனி மாத்திரையை நிறுத்தலாமா என்று தாய் கேட்டதற்கு, 12 ஐத் தாண்டிய பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் போட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.