மனவுறுதியும் சாய்வுப்பாதையும்

சக்கர நாற்காலியில் அமர்ந்து விளையாடும் வீரரைப் பற்றி நம்மவர் எழுதும் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முதலில் விபத்து, அடுத்துக் கண்ணீர், பின்னர் மனவுறுதி, ஈற்றிலே பதக்கம். வாசிப்பவர் நெஞ்சு நெகிழ்கின்றது. “மனம் இருந்தால் இடம் உண்டு” என்று கூறிப் பக்கத்தைப் புரட்டுகின்றார். இந்த வார்ப்பு முழுமையற்றது என்பது மட்டுமன்று. சமூகம் தன் கடமையினின்று நழுவுவதற்கு அது வழிசெய்கின்றது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும். இறகுப்பந்தாட்டத்தைச் சான்றாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

பராலிம்பிக் போட்டிகளில் இறகுப்பந்தாட்டம் முதன்முதலாக இடம்பெற்றது, 2021இல் நடந்தேறிய டோக்கியோ 2020 விழாவிலேயாகும். சக்கர நாற்காலியில் ஆடுவோருக்கு அதில் இரு பிரிவுகள் உள்ளன. ஒற்றையர் ஆட்டத்தில் களத்தின் அகலத்திற் பாதியே பயன்படும். வலையை அடுத்த முற்பகுதியில் வீழும் பந்து கணக்கிற் சேராது. ஆனால் வலையின் உயரத்திற் சலுகை எதுவும் இல்லை. பந்தை அடிக்கும்பொழுது உடல் ஆசனத்தை விட்டு எழலாகாது. மட்டையைப் பிடித்த கையாலேயே சக்கரத்தையும் உருட்டி, முன்னும் பின்னும் விரைந்து, தலைக்குப் பின்னே செல்லும் பந்தை உடலை வளைத்து எட்டுதல் வேண்டும். வீட்டிலும் வைத்தியசாலையிலும் காணும் சாதாரண நாற்காலி இதற்கு உதவாது. சக்கரங்கள் உட்சரிந்தும், பின்புறம் கவிழாமற் காக்கும் சிறுசக்கரம் பொருந்தியும் அமைந்த தனி நாற்காலி தேவை. வழுக்காத சமதளமும் காற்றுப் புகாத கூரையும் தேவை. இவற்றுள் எதையும் மனவுறுதி மட்டும் உண்டாக்கித் தராது.

யப்பானிய வீராங்கனை சரீனா சதோமியின் வரலாற்றைப் பார்ப்போம். 1998இற் பிறந்த இவர் பாடசாலைக் காலத்தில் நின்றாடும் இறகுப்பந்தாட்டம் பயின்றவர். 2016இல் நேர்ந்த வாகன விபத்து அவரைச் சக்கர நாற்காலியில் இருத்தியது. தந்தையின் தூண்டுதலால் 2017இல் மீண்டும் மட்டையை ஏந்தினார். 2019இல் உலகப் பட்டமும், டோக்கியோவில் ஒற்றையரிலும் இரட்டையரிலும் தங்கமும், 2024இல் பாரிஸ் நகரில் மீண்டும் ஒற்றையர் தங்கமும் அவர் வசமாயின. அவருடைய நாட்டவரான டைக்கி கஜிவாரா, பாடசாலைப் பருவத்திலே விபத்தொன்றில் வலக்காலை இழந்தவர். டோக்கியோவில் ஒற்றையர் தங்கத்தை வென்றபொழுது அவருக்கு வயது 19.

இவர்களிடம் மனவுறுதி இருந்தது என்பதை மறுப்பார் யார்? எனினும், மட்டையை மீண்டும் ஏந்திய நான்காம் ஆண்டிலே ஒரு பெண் உலகின் உச்சத்தை எட்டினாள் எனின், அவள் சென்று சேரக்கூடிய மண்டபம் இருந்தது, நாற்காலி இருந்தது, பயிற்றுநர் இருந்தார், எதிர்நின்று ஆடவும் ஆட்கள் இருந்தனர் என்பது பொருள். தந்தையின் தூண்டுதல் எங்கும் கிடைக்கும். தூண்டப்பட்ட மகள் செல்வதற்கு ஓர் இடம் எங்கும் கிடைப்பதில்லை.

இனி நம் நாட்டை நோக்குவோம். 2012இல் இலண்டனில் பிரதீப் சஞ்சய ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். ஈட்டி எறிதலில் தினேஷ் பிரியந்த ஹேரத் 2016இல் வெண்கலமும் டோக்கியோவில் தங்கமும் பெற்றார். துலான் கொடித்துவக்கு டோக்கியோவில் வெண்கலமும் பாரிஸில் வெள்ளியும் பெற்றார். இம்மூவரும் போற்றுதற்குரியோர். ஆனால் இரண்டு உண்மைகள் கவனிக்கற்பாலன. மூவரும் இராணுவத்தைச் சேர்ந்தவர்கள். மூவரும் நின்று போட்டியிட்டவர்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்து பராலிம்பிக் பதக்கம் பெற்ற இலங்கையர் எவருமிலர். அயலிலுள்ள இந்தியாவும் இறகுப்பந்தாட்டத்தில் இதற்கு விலக்கன்று. பாரிஸில் தமிழ்நாட்டு வீராங்கனையர் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ ஆகிய மூவரும் பதக்கம் வென்று நமக்குப் பெருமை சேர்த்தனர். எனினும் டோக்கியோவிலும் பாரிஸிலும் இறகுப்பந்தாட்டத்தில் இந்தியா பெற்ற பதக்கங்களுள் ஒன்றேனும் சக்கர நாற்காலிப் பிரிவைச் சார்ந்ததன்று. நாற்காலியில் இருப்போருக்கு மட்டும் மனவுறுதி குன்றிவிட்டதோ? அவ்வாறு கூற எவரும் துணியார். கையொன்றை இழந்தவர் பஸ் வண்டியில் ஏறிப் பயிற்சிக்குச் செல்லலாம். நாற்காலியில் இருப்பவரை முதற்படியே தடுத்துவிடுகின்றது.

மாத்தளை மாவட்டத்துக் கலேவெலவை எடுத்துக்கொள்வோம். குருநாகலுக்கும் தம்புள்ளைக்கும் இடையே, திருகோணமலை நோக்கிச் செல்லும் பெருவீதியில் அமைந்த ஊர் அது. அங்கே நடக்கவியலாத ஒரு மாணவி, சதோமியின் ஆட்டத்தைக் கண்டு மட்டையை விரும்பினாள் என்று வைத்துக்கொள்வோம். பெருவீதியில் பஸ் வண்டிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவள் ஏறத்தக்க பஸ் எது? முச்சக்கர வண்டியை அமர்த்தினால் நாற்காலியை எங்கே ஏற்றுவது? உள்ளக அரங்கு ஒன்றை அடைந்தாலும் வாயிற்படியையும் மலசலகூடத்தின் ஒடுங்கிய கதவையும் யார் அகற்றுவர்? அவள் பந்தை ஒருமுறையேனும் அடிக்கு முன்னரே தோற்கடிக்கப்படுகின்றாள். அத்தோல்வியை எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை.

சட்டம் இல்லையே என்று எவரும் சமாதானம் கூறவியலாது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனர் உரிமைகளைப் பாதுகாக்கின்றது. பொதுக் கட்டடங்களை அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் ஆக்கப்பட்டன. விளையாட்டிற் பங்குகொள்ளும் உரிமையையும் உள்ளடக்கிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. இடையிலே, கிரிக்கெட் நடுவராக விளங்கி, 1992இல் தம் வாகனத்தின்மீது மரம் வீழ்ந்தமையால் நடக்கவியலாதவரான அஜித் சீ. எஸ். பெரேரா உயர் நீதிமன்றத்தை நாடினார். புதிய பொதுக் கட்டடங்கள் யாவரும் அணுகத்தக்கனவாக அமைய வேண்டும் என்ற கட்டளையை 2011 ஏப்பிரலிற் பெற்றார். கட்டடத்தினுள் நுழைவதற்கு ஒரு மனிதர் நாட்டின் அதியுயர் நீதிமன்றம்வரை செல்லவேண்டியிருந்தது. இதனை அவருடைய மனவுறுதியின் வெற்றி என்று மட்டும் பாராட்டுவோமாயின், அது நமது வெட்கத்தை மறைக்கும் பாராட்டேயாகும்.

வறிய நாட்டிற்கு இறகுப்பந்தாட்டம் ஆடம்பரமன்றோ என வினவுவோர் உளர். அரங்கிற்கு இடும் சாய்வுப்பாதை வேறு, வைத்தியசாலைக்கும் வாக்களிப்பு நிலையத்திற்கும் பாடசாலைக்கும் இடும் சாய்வுப்பாதை வேறு அன்று. விளையாடச் செல்ல இயலாதவள் படிக்கவும் செல்ல இயலாதவளே. மேலும், கட்டும்போதே சாய்வாகக் கட்டுவதற்கு ஆகும் செலவு, கட்டியபின் இடித்துத் திருத்தும் செலவினும் மிகக் குறைவு. இங்கே பஞ்சம் பணத்திற்கன்று. அவளையும் வருவாள் என்று எதிர்பார்க்கும் எண்ணத்திற்கே.

இக்குற்றச்சாட்டை அரசின் வாயிலில் மட்டும் வைத்துவிட்டு நாம் அகல்வதும் நேர்மையன்று. இந்த இதழை வாசிப்போர் நாள்தோறும் ஏறியிறங்கும் விரிவுரை மண்டபத்தின் படிகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. நூலகத்திற்கும் விளையாட்டரங்கிற்கும் உள்ள படிகளையும் எண்ணுவாராக. நம்மிடையே சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஏன் இத்துணை அரியர் என்பதற்கு விடை அப்படிகளிலேயே கிடக்கின்றது. அடுத்த ஆண்டு நம் சங்கம் வீரர் ஒருவருக்குப் பாராட்டு விழா எடுக்க எண்ணுமாயின், அவர் மேடைக்கு எவ்வழியே வருவார் என்பதை முதலில் தீர்மானிக்கட்டும். நான்கு பேர் அவரைத் தூக்கிச் சென்று மேடையில் இருத்தி, மாலை சூட்டி, அவருடைய மனவுறுதியைப் புகழ்வோமாயின், அவ்விழாவை எடுக்காதிருத்தலே மேலாகும்.