மருத்துவமனைப் பணியாளர்களை ரசாயன ஆவியிலிருந்து காக்கக் கோரும் மனு

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: ஃபார்மலின், குளூட்டரால்டிஹைடு, கீமோ மருந்துகள் ஆகியவற்றைக் கையாளும் பணியாளர்களின் பாதுகாப்பு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

ஊசி குத்திவிட்டால் யாரிடம் சொல்வது, என்ன பரிசோதனை செய்வது என்று எங்கள் வார்டுச் சுவர்களில் ஒட்டியிருக்கிறது. ஃபார்மலின் கொட்டிவிட்டால் என்ன செய்வதென்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

பயாப்சி பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றுபவர் தியேட்டர் செவிலியர் அல்லது உதவியாளர். ஜன்னல் திறக்காத ஏசி அறையில், கேனைச் சரித்துப் பிடித்து, கண்ணில் நீர் வழிய, மூச்சை அடக்கிக்கொண்டு ஊற்றுகிறார். ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இலேயே அறிவித்துவிட்டது. எண்டாஸ்கோப்பி குழாய்களை ஊறவைக்கும் குளூட்டரால்டிஹைடால் ஆஸ்துமாவும் தோல் அழற்சியும் வரும். இத்தனைக்கும் எங்களுக்குக் கிடைப்பது சர்ஜிக்கல் மாஸ்க் மட்டுமே. அது எச்சில் துளியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் இரண்டாம் அட்டவணை, வேலையிடக் காற்றில் ஃபார்மால்டிஹைடு எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வகுத்தது. ஆலைத் தொழிலாளியின் நுரையீரலுக்குக் கிடைத்த அந்தக் காவல் எங்களுக்கு ஏன் இல்லை?

ஆகவே, ஃபார்மலின் நிரப்பி மூடிய பாட்டில்களையே வாங்கித் தர வேண்டுகிறோம். கேனிலிருந்து ஊற்றும் வேலையே இல்லாமற்போகும். குளூட்டரால்டிஹைடு அறைகளுக்கு எக்ஸாஸ்ட் வசதியும், மூடியுள்ள தொட்டியும், நைட்ரைல் கையுறையும் வேண்டும். கீமோ மருந்தை வார்டு மேசையில் கலப்பதை நிறுத்தி, அதற்குரிய பாதுகாப்புப் பெட்டியில் மட்டுமே கலக்க ஆணையிட வேண்டும். கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும், அவர்கள் கேட்டதும், இந்த ரசாயனங்களைக் கையாளும் பணியிலிருந்து மாற்ற வேண்டும். விடுப்பு எடுத்துத் தப்பிக்கும் நிலையில் அவர்களை வைக்கக் கூடாது.

உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016 ஆண்டுதோறும் உடல் பரிசோதனையைக் கட்டாயமாக்கியுள்ளன. அதில் நுரையீரல் திறன் சோதனையையும் தோல் பரிசோதனையையும் சேர்க்க வேண்டுகிறோம்.

ஒன்றை மிக அழுத்திச் சொல்கிறோம். கீமோ ஏற்றிய நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்தின் எச்சம் இருக்கும். அதைத் துடைப்பவர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். அது என்னவென்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. நிரந்தரப் பணியாளருக்குத் தரும் கவுன், கையுறை, பயிற்சி, பரிசோதனை அனைத்தும் அவருக்கும் உண்டு என்று ஒப்பந்த நிபந்தனையிலேயே எழுத வேண்டும்.

இது குறித்து நேரில் விளக்க எங்கள் பிரதிநிதிகளுக்கு நாள் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செவிலியர்கள், ஆய்வக நுட்பநர்கள், தூய்மைப் பணியாளர்கள் சார்பில்
சங்க நிர்வாகிகள்